சென்னை டு சான் பிரான்சிஸ்கோ: எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம், முதல் தடவை போறவங்க கணக்கு போடுறது எப்படி

"அமெரிக்கா எவ்ளோ தூரம்டா, காலைல ஏறுனா ராத்திரிக்குள்ள வந்துடலாமா?" மனைவிக்கு டெலிவரி டேட் சொன்ன அன்னைக்கே கும்பகோணத்துலேர்ந்து அம்மா போன்ல கேட்டது இது. ஒரு நாள் ஆகும்மானு சொல்லி போன வச்சுட்டேன். அப்புறம் டிக்கெட் போட உக்காந்தப்ப தான் புரிஞ்சுது, இந்த கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மேப்புல கோடு போட்டா ஒரு தூரம், ஃப்ளைட் நிஜமா பறக்குறது வேற தூரம், டிக்கெட்ல போட்ருக்க நேரத்த பாத்தா ஒரு கணக்கு, வீட்டு வாசல்லேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் பாத்தா முற்றிலும் வேற கணக்கு. வயசானவங்க முதல் தடவை தனியா வர்றாங்கன்னா கடைசி கணக்கு தான் அவங்க உடம்பு அனுபவிக்கப்போறது, அதனால அதையே பாத்து டிக்கெட் போடுங்க. எப்படினு வரிசையா சொல்றேன், உங்க ஊரு வேறயா இருந்தாலும் இதே முறை தான்.

முதல் ஸ்டெப், நேர்கோட்டு தூரம்

சென்னை மீனம்பாக்கத்துலேர்ந்து சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் வரைக்கும் பூமியோட வளைவு மேலயே அளந்தா சுமார் 13,900 கிமீ. பூமிய ஒரு முழு சுத்து சுத்துனா 40,000 கிமீ, அதுல பாதி 20,000, அதுக்கு மேல உலகத்துல எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம் இருக்க முடியாது. அப்ப 13,900னா உலகத்தோட அந்தப்பக்கம் போறதுக்கு முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மினு வச்சுக்கோங்க.

சுவத்துல மாட்டுற மேப்ப பாத்து தூரத்த யோசிக்காதீங்க, அதுல பசிபிக் கடல் ரெண்டா வெட்டுப்பட்டு இருக்கும். பசங்க படிக்கிற உருண்டை குளோப் ஒன்ன எடுத்து, சென்னைல ஒரு நூல் நுனிய வச்சு சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் இறுக்கிப் பிடிச்சு பாருங்க. நூல் கிழக்கயும் போகாது மேற்கயும் போகாது, வடக்க ஏறும். ஒடிசா, பீகார், நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, அப்புறம் அலாஸ்கா, அங்கேர்ந்து கீழ இறங்கி கலிஃபோர்னியா. இத முதல் தடவை பாத்தப்ப எனக்கு நம்பவே முடியல. ஆனா நிஜமாவே இப்படி பறந்திருக்காங்க, 2021 ஜனவரில ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலேர்ந்து பெங்களூருக்கு ஒரே பறப்புல வந்துச்சு, சுமார் 14,000 கிமீ, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமைல முழுக்க பெண் பைலட்டுகளே வட துருவத்துக்கு மேல ஓட்டிட்டு வந்தாங்க, 17 மணி நேரம் கிட்ட ஆச்சு.

இந்த அளவ நீங்களே பாக்கணும்னா கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு சைட் இருக்கு, ரெண்டு ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோடு போட்டா கோடும் போட்டுக் காட்டும், தூரமும் சொல்லும். சென்னைக்கு எம்ஏஏ, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்எஃப்ஓ.

பெரிய ஃப்ளைட் எல்லாம் மேல ஏறினப்புறம் மணிக்கு சுமார் 900 கிமீ வேகத்துல போகும். 13,900ஐ 900ஆல வகுத்தா பதினஞ்சரை மணி நேரம் வரும். ஆனா சென்னைலேர்ந்து அங்க நேரடி ஃப்ளைட் கிடையாது, அதனால இந்த நம்பர் ஒரு அடிக்கணக்கு தான், டிக்கெட் போட இது உதவாது.

ரெண்டாவது, எந்த ஊர்ல மாறப்போறீங்க

இங்க தான் நிஜ தூரம் முடிவாகுது. நான் பாத்த வழிகள சொல்றேன், எல்லாமே சுமார் கணக்கு.

துபாய் வழியா போனா சென்னை டு துபாய் 2,900 கிமீ, நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. துபாய் டு சான் பிரான்சிஸ்கோ 13,000 கிமீ, பதினாறு மணி நேரம் கிட்ட. மொத்தம் 16,000 கிமீ. துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர்கோடு போட்டா அது கிட்டத்தட்ட வட துருவத்தையே தொட்டுட்டு போகும், ரெண்டு ஊரும் உருண்டைல எதிரெதிர் பக்கத்துல இருக்கிறதால அப்படி.

சிங்கப்பூர் வழியா போனா சென்னை டு சிங்கப்பூர் அதே 2,900 கிமீ, சிங்கப்பூர் டு சான் பிரான்சிஸ்கோ 13,600 கிமீ. இந்த வழில ஒரு விஷயம் இருக்கு, போறப்ப பதினஞ்சு மணி நேரம்னா வர்றப்ப பதினேழு ஆகும். வானத்துல உயரத்துல மேற்கேர்ந்து கிழக்க ஒரு பலமான காத்து ஓடிட்டே இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க, குளிர்காலத்துல மணிக்கு 200 கிமீக்கு மேல கூட அடிக்கும். கிழக்க போற ஃப்ளைட்ட அது பின்னாடிலேர்ந்து தள்ளும், மேற்க வர்றத எதுத்து நிக்கும். போற நேரத்த மட்டும் பாத்துட்டு வர்றதும் அவ்ளோ தான்னு நினைச்சுடாதீங்க.

ஐரோப்பா வழி மூணாவது. ஃப்ராங்க்ஃபர்ட்ல மாறினா 7,600 கிமீ, அப்புறம் 9,150 கிமீ. லண்டன்ல மாறினா 8,200, அப்புறம் 8,600. மொத்த தூரம் இதுல தான் அதிகம், 16,800 கிட்ட வருது, ஆனா ரெண்டு பாதியா பிரியுது பாருங்க, பத்து மணி நேரம் ஒண்ணு பதினொண்ணு ஒண்ணு. முட்டி வலி, முதுகு வலி, கால் வீக்கம் இருக்கவங்களுக்கு பதினாறு மணி நேரம் ஒரே சீட்ல உக்காறத விட இது எவ்வளவோ மேல்னு நான் நினைக்கிறேன். 800 கிமீ கூடுதலா போறதுல ஒண்ணும் குறைஞ்சு போகாது.

டெல்லி வழி தான் கிமீ கணக்குல ரொம்ப கம்மி, 1,760 ப்ளஸ் 12,370, மொத்தம் 14,100 கிட்ட. ஆனா எந்த நாட்டு வானம் திறந்திருக்குனு பொறுத்து இந்த நேரம் மாறும். 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன்னோட வான்வழிய இந்திய விமானங்களுக்கு மூடினப்ப டெல்லிலேர்ந்து அமெரிக்கா போற ஏர் இந்தியா ஃப்ளைட்டுங்க சுத்திப் போக வேண்டி வந்துச்சு, சிலது வியன்னால நின்னு எண்ணெய் போட்டுட்டு போச்சு. அதே மாதிரி 2022லேர்ந்து ரஷ்யா வானம் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு கிடையாது. அதனால பழைய அனுபவத்த வச்சு யாராவது இத்தனை மணி நேரம்னு சொன்னா அப்படியே எடுத்துக்காதீங்க, ஃப்ளைட்ரேடார்24ல அந்த ஃப்ளைட் நம்பர போட்டு கடைசி சில நாள் நிஜமா எத்தனை மணிக்கு ஏறுச்சு எத்தனை மணிக்கு இறங்குச்சுனு பாருங்க, ஒரு வாரம் தொடர்ந்து பாத்தா தினமும் லேட்டா வர்ற ஃப்ளைட் எதுனு தெரிஞ்சுடும்.

மூணாவது, கடிகாரக் கணக்கு

இதுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. டிக்கெட்ல இருக்க ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரு நேரம். கிளம்புறது சென்னை டைம், இறங்குறது சான் பிரான்சிஸ்கோ டைம். பக்கத்துல +1னு போட்ருந்தா மறுநாள், +2னா அதுக்கு மறுநாள்.

நம்ம ஊருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குளிர்காலத்துல பதிமூணரை மணி நேரம் வித்தியாசம், கோடைல பன்னெண்டரை, அவங்க தான் பின்னாடி. மார்ச் மாசம் ரெண்டாவது ஞாயிறு அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப பழையபடி வைப்பாங்க. துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முன்னாடி, இந்த ரெண்டு ஊரும் கடிகாரத்த மாத்துறதே இல்ல.

ஒரு உதாரணம் போடுவோம், ஜனவரில போறதா வச்சுக்கோங்க. சென்னைல விடிகாலை 4:00க்கு ஏறி துபாய்ல அந்த ஊரு டைம் 6:45க்கு இறங்குறாங்க. மேலோட்டமா பாத்தா ரெண்டே முக்கால் மணி நேரம், ஒன்றரைய சேத்தா நாலேகால், அது தான் நிஜம். துபாய்ல 8:50க்கு அடுத்த ஃப்ளைட், சான் பிரான்சிஸ்கோல அதே நாள் மதியம் 12:50க்கு இறங்குது. டிக்கெட்ட பாத்தா காலைல 4 மணிக்கு கிளம்பி மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு போயாச்சு, 8 மணி 50 நிமிஷம் தான்! அதோட பதிமூணரைய கூட்டுங்க, 22 மணி 20 நிமிஷம். பிரிச்சு கூட்டினாலும் அதே வரும், நாலேகால், துபாய்ல காத்திருக்க ரெண்டு மணி அஞ்சு நிமிஷம், அப்புறம் பதினாறு.

திரும்பி வர்றப்ப இதே கணக்கு தலைகீழ். திங்கக்கிழமை சாயந்திரம் 3:45க்கு அங்க ஏறினா புதன்கிழமை விடிகாலை 2:55க்கு சென்னைல இறங்குவாங்க. பாக்க 35 மணி நேரம் மாதிரி இருக்கும், பதிமூணரைய கழிச்சா 21 மணி 40 நிமிஷம் தான். செவ்வாய்க்கிழமை முழுக்க எங்க போச்சுனு அம்மா ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்தாங்க. கூட்டிட்டு வர கார் சொல்றவங்க இத கவனிங்க, புதன் விடிகாலைனா செவ்வாய் ராத்திரியே கார் கிளம்பணும்.

போறப்ப கூட்டணும், வர்றப்ப கழிக்கணும், அவ்ளோ தான்.

நாலாவது, நடுவுல எவ்ளோ நேரம் விடணும்

டிக்கெட் சைட்டுங்கள்ல மொத்த நேரம் கம்மியா இருக்கறத தான் முதல்ல காட்டும். அம்மா முதல் தடவை வந்தப்ப நான் அத பாத்து தான் போட்டேன், நடுவுல மாற ஒரு மணி பத்து நிமிஷம் தான் இருந்துச்சு. விக்கிறாங்கன்னா அது போதும்னு தானே அர்த்தம்னு நம்பிட்டேன். சென்னைலயே ஃப்ளைட் நாப்பது நிமிஷம் லேட். அம்மாவ வீல்சேர்ல வச்சு தள்ளிட்டு போய் கேட்டுக்கு சேத்தப்ப கதவ மூடிட்டாங்க. அடுத்த ஃப்ளைட் இருவது மணி நேரம் கழிச்சு. கவுன்டர்ல இருந்தவங்க பேசுற இங்கிலீஷ் அம்மாவுக்கு புரியல, ஹோட்டல் தருவாங்கனு கேக்கணும்னு தெரியல, யாரோ ஒரு மலையாளி நர்ஸ் பொண்ணு தன்னோட போன குடுத்து எனக்கு பேச சொன்னப்ப தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஆறு மணி நேரம் அவங்க இரும்பு நாற்காலில உக்காந்தே இருந்துருக்காங்க, சுகர் மாத்திரை செக்-இன் பெட்டிக்குள்ள. அந்த பொண்ணு யாருனு எனக்கு தெரியாது, இன்னைக்கும் அவங்கள நினைச்சுப்பேன்.

அதனால என் அபிப்ராயம், இளவயசு ஆளுனா ரெண்டு மணி நேரம் போதும், வீல்சேர் எடுக்கறவங்களுக்கு மூணுலேர்ந்து நாலு மணி நேரம் விடுங்க. அஞ்சுக்கு மேல போனா அசதி ஆரம்பிச்சுடும். வீல்சேர டிக்கெட் போடுறப்பவே கேட்டுடுங்க, விட்டுப்போச்சுனா 48 மணி நேரத்துக்கு முன்னாடியாவது ஏர்லைன்ஸுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். அப்ப தான் முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டாலும் அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு, பெட்டியும் நேரா கடைசி ஊருக்கு போகும். காசு மிச்சம்னு தனித்தனி டிக்கெட் போட்டா ஃப்ளைட்ட விட்டா பணமும் போச்சு, நடுவுல பெட்டிய வேற எடுக்கணும், அதுக்கு அந்த நாட்டு விசா கூட கேப்பாங்க. அம்மா அப்பாவுக்கு இத செய்யவே செய்யாதீங்க.

நடுவுல மாறுற ஊரு அமெரிக்காவுக்குள்ளயே இருந்தா, சிகாகோ நியூயார்க் மாதிரி, முதல்ல இறங்குற அந்த ஊர்லயே இமிக்ரேஷன் முடிச்சு, பெட்டிய எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்ப பெட்டிய போட்டு, செக்யூரிட்டி வரிசைல நின்னு உள்ள போகணும். அதுக்கு மூணு மணி நேரம் கூட பத்தாம போகும். தனியா வர்ற பெரியவங்களுக்கு கடைசி ஊர்லயே இமிக்ரேஷன் வர்ற மாதிரி வழி பாருங்க.

அஞ்சாவது, வாசல் டு வாசல்

எங்க வீட்டு கணக்கு இது. கும்பகோணத்துலேர்ந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு கார்ல ஆறு மணி நேரம். மூணு மணி நேரம் முன்னாடி உள்ள போகணும். 22 மணி 20 நிமிஷம் ஃப்ளைட்டும் காத்திருப்பும். இறங்கி இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அங்கேர்ந்து சன்னிவேல் வீட்டுக்கு 45 கிமீ, முக்கால் மணி நேரம். கூட்டினா முப்பத்தி மூணரை மணி நேரம் வருது. அம்மா கேட்ட கேள்விக்கு சரியான பதில் இது தான், இத முதல்லயே சொல்லிருந்தா அவங்க மனசளவுல தயாரா வந்துருப்பாங்க. ரெண்டாவது தடவைலேர்ந்து முதல் நாளே சென்னைல சித்தி வீட்டுக்கு வந்து படுத்து தூங்கிட்டு தான் ஏறுறாங்க, அந்த ஒரு ராத்திரி தூக்கம் பெரிய வித்தியாசம். திருச்சி பக்கம் இருக்கவங்க திருச்சிலேர்ந்தே சிங்கப்பூர், துபாய் போற ஃப்ளைட் இருக்கறதையும் பாருங்க, சென்னை வரைக்கும் கார்ல அலையுறது மிச்சமாகும், ஆனா அப்பவும் ஒரே பிஎன்ஆரா வருதானு பாத்துக்கணும்.

ஆறாவது, ஒரு பேப்பர்

இது நான் ரெண்டாவது தடவை எழுதி குடுத்தது, அன்னையிலேர்ந்து தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன். ஒரு ஏ4 பேப்பர்ல மூணு கட்டம். முதல்ல இந்தியா டைம், அடுத்து அந்த ஊரு டைம், மூணாவதுல என்ன செய்யணும். "இந்தியா காலை 8:15, துபாய் 6:45, இறங்கணும், வீல்சேர்காரர் வர்ற வரைக்கும் சீட்லயே இருங்க." "இந்தியா மதியம் 1, ஃப்ளைட்ல, சாப்பிட்டுட்டு சுகர் மாத்திரை." இப்படி பெரிய எழுத்துல தமிழ்லயே எழுதுங்க. பின்பக்கம் இங்கிலீஷ்ல என் பேரு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ், அவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, அடுத்த ஃப்ளைட் நம்பர் என்னனு எழுதினேன், யார்கிட்ட நீட்டினாலும் உதவி கிடைக்கணும்னு.

கைக்கடிகாரத்த மாத்த வேணாம்னு சொன்னேன். அம்மா தன்னோட டைட்டன் வாட்ச்ச இந்தியா டைம்லயே வச்சுட்டு பேப்பரோட முதல் கட்டத்த மட்டும் பாத்துட்டே வந்தாங்க. மாத்திரையும் அந்த டைம்படியே. இன்சுலின் போடுறவங்க மட்டும் இத தாங்களா முடிவு பண்ணாதீங்க, ஊசி நேரத்த எப்படி மாத்துறதுனு டாக்டர கேட்டு அதையும் அந்த பேப்பர்லயே எழுதிடுங்க. மாத்திரை, டாக்டர் சீட்டு, ஒரு மாத்து துணி, சால்வை, நாலு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கைப்பைல தான் இருக்கணும்.

சாப்பாடு விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன். சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஹிந்து மீல்னு போட்டுடாதீங்க, அதுல கறி வரும். ஏசியன் வெஜிடேரியன்னு இருக்கும், அத போடணும். எனக்கு தெரிஞ்ச ஒரு மாமி பதினாறு மணி நேரம் தயிரும் பழமும் மட்டும் சாப்பிட்டுட்டு வந்தாங்க இதனால.

ஏறினப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க சொல்லுங்க, அதுக்காகவே நடக்குற வழி ஓரத்து சீட்டு போடுங்க. பாத்ரூம் போகணுமேனு நம்ம அம்மாக்கள் தண்ணியே குடிக்க மாட்டாங்க, அத முன்னாடியே எடுத்து சொல்லணும், ஏன்னா ஒரே இடத்துல காலத் தொங்கப்போட்டு உக்காந்தா கால்ல ரத்தம் கட்டிக்கிற ஆபத்து நிஜமாவே இருக்கு.

ஏழாவது, இறங்கினப்புறம்

இமிக்ரேஷன்ல எதுக்கு வந்தீங்க, எங்க தங்குவீங்க, எத்தனை நாள்னு கேப்பாங்க, பேப்பர காட்டி பையன் வீடுனு சொன்னா போதும், பயப்பட எதுவும் இல்ல. கஸ்டம்ஸ்ல சாப்பாட்டு பொருள் இருந்தா இருக்குனு சொல்லிடணும். பச்சை கறிவேப்பிலைய கொண்டு வர சொல்லாதீங்க, அங்க அனுமதி கிடையாது, எடுத்து போட்டுடுவாங்க.

வெளிய நிக்கிறவங்க ஃப்ளைட் இறங்கின உடனே போன் வரலையேனு பதற வேணாம், ஒன்றரை மணி நேரம்னு முன்னாடி சொன்னேன்ல. இன்டர்நேஷனல் அரைவல் கதவுக்கு எதிர்லயே நில்லுங்க, கார் பார்க்கிங்ல உக்காந்துட்டு வெளிய வாங்கனு சொல்லாதீங்க, அவங்க போன் அப்ப வேலை செய்யாது. ரெண்டாவது தடவை அம்மா அந்த கதவு வழியா வந்தப்ப கைல அந்த பேப்பர் நாலா மடிச்சு வேர்வைல நனைஞ்சு இருந்துச்சு. என்ன பாத்ததும் வாட்ச்ச காட்டுனாங்க. அதுல விடிகாலை நாலு மணி ஆகப்போகுது, வெளிய பளீர்னு மத்தியான வெயில்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கத் தோணும், ஒரு மணி நேரம் படுக்க விட்டு எழுப்பிடுங்க, சாயந்திரம் வெளிச்சத்துல தெருவுல கொஞ்சம் நடக்க கூட்டிட்டு போங்க, ராத்திரி எட்டு மணிக்கு ரசம் சாதம் குடுத்து படுக்க வைங்க. முதல் வாரம் நடுராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துருப்பாங்க, நம்ம ஊர்ல அப்ப மத்தியானம் மூணரை, அவங்க உடம்புக்கு அது காபி நேரம். பிளாஸ்க்ல போட்டு கிச்சன்ல வச்சுடுங்க.